கிட்டார் கிட் வாங்கி வீட்லயே ஒட்டுனேன்: மரம் சூப்பர், டெம்ப்ளேட் குப்பை

ஆன்லைன்ல ஆர்டர் பண்ண அக்கூஸ்டிக் கிட்டார் கிட், ட்ரெட்நாட்னு சொல்ற பெரிய உடம்பு சைஸ், ஸ்டீல் ஸ்ட்ரிங். கம்பெனி பேரு வேணாம் விடுங்க.

மரத்துல குறை சொல்ல ஒண்ணுமே இல்ல. மேல்பலகை சாலிட் ஸ்ப்ரூஸ், ரேகை நேரா நெருக்கமா ஓடுது, பின்னாடியும் பக்கமும் மஹோகனி. பக்கப் பலகைய வளைச்சே அனுப்பிருக்காங்க, விரல் வச்சு அழுத்துற ஃப்ரெட்போர்டுல ஃப்ரெட் (குறுக்கால வர்ற உலோகக் கோடு) அடிக்கிற காடியும் வெட்டியே வந்துச்சு. காசு குடுக்குறதே இந்த ரெண்டுக்குத்தான், முன்னாடி ஒரு தடவ சூடான பைப்புல மரத்த வளைக்கப் போயி பட்டுன்னு ஒடிச்ச ஆளு நானு.

மேனுவல்தான் கஷ்டம். படமெல்லாம் தீப்பெட்டி சைஸ்ல இருக்கு, மேல்பலகைக்கு அடியில எக்ஸ் மாதிரி ஒட்டுற பிரேஸ, அதான் தாங்கு கட்டைய, எவ்ளோ செதுக்கணும்னு ஒரு வரி இல்ல. ஸ்ட்ரிங் ஆறும் சேந்து 70 கிலோ அளவுக்கு இழுக்கும், அதுக்கு பயந்து பிரேஸ தடியா விட்டா பலகை அதிராது, ரொம்ப செதுக்கிட்டா பிரிட்ஜுக்குப் (மேல்பலகையில ஸ்ட்ரிங்க மாட்டுற கட்டை) பின்னாடி வயிறு தள்ளிரும். உளியால கொஞ்சம் சீவுறது, விரல் முட்டியால தட்டிக் கேக்குறது, மறுபடி சீவுறதுன்னு ரெண்டு வாரம் போச்சு. டக்டக்னு இருந்த சத்தம் ஒரு கட்டத்துல டொம்ம்னு இழுத்துச்சு, அதோட உளிய கீழ வச்சுட்டேன்.

உண்மையான கடுப்பு, பிரிட்ஜ எங்க ஒட்டணும்னு காட்டுற டெம்ப்ளேட்டுதான். ஸ்கேல், அதாவது ஸ்ட்ரிங் அதிர்ற நீளம், 645 மிமீ, நட்டுலருந்து (தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உக்கார்ற பட்டை) 12வது ஃப்ரெட் 322.5ல வரும். டெம்ப்ளேட் அங்கருந்து கரெக்டா இன்னொரு 322.5ல சாடில (பிரிட்ஜ் மேல ஸ்ட்ரிங் உக்கார்ற பட்டை) வைக்கச் சொல்லுது. பேப்பர்ல சரி, ஆனா ஸ்ட்ரிங்க அழுத்துறப்ப அது இழுபட்டு சுருதி ஏறிடும்ல, அதனால மெல்லிய கம்பிக்கு சுமாரா 2 மிமீ, தடிச்ச கம்பிக்கு 4, 5 மிமீ பின்னாடி தள்ளணும், ஸ்டீல் ஸ்ட்ரிங் கிட்டார்ல சாடில் சாய்வா இருக்கறதே இதுக்குத்தான். நல்லவேளை பசை போடுறதுக்கு முன்னாடி அளந்து பாத்தேன். மெயில் போட்டா தோராயமா வச்சுக்கோங்கன்னு பதில் வருது. தோராயமா வைக்கிறதுக்கு எதுக்குய்யா டெம்ப்ளேட்டு?

ஈரப்பதம் பத்தியும் மூச்சே விடல. 45 சதவீதம் பக்கம் இருக்கப்ப பிரேஸ் ஒட்டுங்க, ஈரமான நாள்ல ஒட்டிட்டா பின்னாடி காத்து காயுறப்ப பலகை சுருங்கி வெடிக்கும். குட்டி மீட்டர் ஒண்ணு வாங்கிடுங்க. கிளாம்ப்புக்கு ரொம்ப செலவு பண்ணாதீங்க, உள் ஓரத்துல ஒட்டுற பட்டிக்கு துணி காயப்போடுற கிளிப்பே போதும், எங்க வீட்ல ஒரு வாரம் துணியெல்லாம் நாற்காலி மேலதான் காஞ்சுது. நெக் (கிட்டாரோட நீளமான கைப்பிடி) போல்ட்டு டைப்ங்கறதால கழட்டிக் கழட்டி உப்புத்தாள் போட்டு ஆங்கிள சரி பண்ணிட்டேன், இது பெரிய நிம்மதி.

மரத்துக்கு 5, மேனுவலுக்கு 1. புதுசா பண்றவங்களும் வாங்கலாம், டெம்ப்ளேட்ட மட்டும் தூக்கிப் போட்டுருங்க. மூணாவது ஃப்ரெட்ல இன்னும் லேசா கொர்ர்னு வருது, அது கிட்டோட தப்பில்ல, நான் ஃப்ரெட் அடிச்ச லட்சணம்.