ஓடிபியா, ஆதாரா, தெரிந்த முகமா: மலையில் பார்சல் வாங்கும் வழிகள்

கோத்தகிரியிலிருந்து சோலூர்மட்டம் போகும் ரோட்டில் எங்கள் மளிகைக் கடை இருக்கிறது. கடைக்குப் பின்னால் சரிவில் தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகள், எதிர் மேட்டில் ஒரு ஹட்டி, அதாவது படுகர் ஊர். கூரியர் வண்டி லைனுக்குள் இறங்காது, ஹட்டிக்குப் போகும் படிக்கட்டில் பைக் ஏறாது. அதனால் ஏழெட்டு வருடமாக இரண்டு பக்கத்துப் பார்சலும் எங்கள் கடையில்தான் இறங்குகிறது. அரிசி மூட்டைக்கும் முட்டை அட்டைக்கும் நடுவே அதற்கென்றே ஒரு பலகை போட்டிருக்கிறேன்.

வாங்க வந்தவர் சரியான ஆள்தானா என்று பார்க்க ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு முறை இருக்கிறது. எல்லாவற்றையும் இந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டேன். என் கட்சி இதுதான்: எந்தப் பொருளுக்கு எவ்வளவு கேட்க வேண்டுமோ அவ்வளவு மட்டும் கேட்கிற முறைதான் நல்ல முறை. செருப்புப் பார்சலுக்கு ஆதார் எண் வேண்டாம். அதே மாதிரி, ஒருவருடைய பாஸ்போர்ட்டை என்னைப் போன்ற கடைக்காரியிடம் விட்டுப் போகவும் கூடாது.

ஓடிபி

நாம் யார் என்று ஒரு காகிதத்தையும் காட்ட வேண்டாம். நாலு அல்லது ஆறு எண் சொன்னால் போதும், வேலை முடிந்ததும் அந்த எண் செத்துவிடும். "கொடுத்துவிட்டேன்" என்று பொய்யாகப் பதிந்துவிட்டுப் போவதும் இதனால் வெகுவாகக் குறைந்திருக்கிறது. சமவெளியில் இருந்தால் இதற்கு மேல் ஒன்றும் கேட்க மாட்டேன்.

மலையில் சிக்கல் டவரில் தொடங்குகிறது. போன ஐப்பசி மழையில் ஒரு டெலிவரி பையன் வந்தான். தோளில் பை, பைக்கு மேல் யூரியா சாக்கைக் கிழித்துப் போர்த்தியிருந்தான். லைனில் இருக்கும் பாட்டிக்கு முட்டியில் மாட்டும் பெல்ட் வந்திருந்தது. ஆர்டர் போட்டது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மகன். ஓடிபி போனதும் அவனுக்குத்தான். ஷிப்டில் இருக்கும்போது அவன் கையில் போன் இருக்காது. பையன் மூன்று முறை கூப்பிட்டான். எங்கள் கடைக்கு முன்னால் இருக்கும் சில்வர் ஓக் மரத்தடியில்தான் சிக்னல் கிடைக்கும், அங்கே போய் நனைந்துகொண்டே நின்றான். பாட்டி என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் பேருதானே தம்பி எழுதியிருக்கு" என்று இரண்டு தரம் கேட்டார். "பேரு சரிதான் பாட்டி, நம்பர் இல்லாம நான் கொடுத்தா என் சம்பளத்துல பிடிச்சிருவாங்க" என்றான். பார்சல் திரும்பிப் போனது. அன்றிரவு மகனுக்கு வந்த செய்தியில் "வீட்டில் ஆள் இல்லை" என்றிருந்தது. பாட்டி நாள் முழுக்க அங்கேயேதான் இருந்தார்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஓடிபி யாரிடம் போன் இருக்கிறது என்று மட்டும்தான் பார்க்கிறது, எதிரில் நிற்பவர் யார் என்று பார்ப்பதில்லை. போன் ஒரு ஊரிலும் ஆள் ஒரு ஊரிலுமாக வாழும் குடும்பங்கள் எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒன்று.

இன்னொன்றையும் தினமும் பார்க்கிறேன். படிக்கத் தெரியாதவர்கள் போனை அப்படியே என் கையில் கொடுத்து "நம்பரைப் பாத்துச் சொல்லும்மா" என்பார்கள். அதே திரையில் பேங்க் செய்தியும் கிடக்கும். எனக்குக் கொடுப்பது போல வேறு யாரிடமும் கொடுத்துவிடக் கூடாதே என்று மனசு பதறும். "ஆர்டரை கேன்சல் பண்ணணும், ஒரு நம்பர் வரும், சொல்லுங்க" என்று போனில் பேசும் திருடர்கள் பிழைப்பதே இதை வைத்துத்தான். ஆள் எதிரில் நின்று, பெட்டி கைக்கு வந்த பிறகுதான் எண்ணைச் சொல்ல வேண்டும். செய்தியில் பணம், பேங்க் என்று ஒரு வார்த்தை இருந்தாலும் சொல்லவே கூடாது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.

கையெழுத்தும் போட்டோவும்

கண்ணாடித் திரையில் விரலால் போடும் கோடு யாருடைய கையெழுத்து மாதிரியும் இருக்காது. கதவு முன்னால் பெட்டியை வைத்துப் படம் எடுப்பது இன்னும் மோசம். லைனில் எல்லாக் கதவும் ஒரே நீலம். இந்த இரண்டும் கம்பெனிக் கணக்குக்கு உதவும், நமக்கு உதவாது.

ஆதார்

இதில்தான் எனக்கு மனக்குறை அதிகம். ஒரு கூரியர் கம்பெனியின் பையன் ஒருநாள் என் அம்மாவின் ஆதார் அட்டையை வாங்கி, முன்னும் பின்னும் தன் சொந்தப் போனில் படம் எடுத்தான். பார்சலில் இருந்தது ஒரு ஸ்வெட்டர். எதற்கு என்று கேட்டேன். "கம்பெனி கேக்குது அக்கா" என்றான். அழிக்கச் சொன்னேன், என் கண் முன்னால் அழித்தான். அதற்கு முன் அது எங்கே போய்ச் சேர்ந்ததோ, அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. செருப்பு வாங்கினால் அடுத்த வாரமே தூக்கிப் போடலாம். ஆதார் எண்ணை ஆயுசுக்கும் மாற்ற முடியாது.

2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், அட்டையின் நகலைக் கண்டவர்களிடம் கொடுக்காதீர்கள், எண் மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவித்தது. இரண்டே நாளில், மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று சொல்லி மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் எண் மறைத்த ஆதார் இன்றும் இருக்கிறது. 12 எண்ணில் முதல் எட்டும் மறைந்து கடைசி நாலு மட்டும் தெரியும். ஆணையத்தின் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அந்தக் கோப்பைத் திறக்கும் கடவுச்சொல், ஆங்கிலப் பெரிய எழுத்தில் பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த வருடமும். இறக்குவதற்கு ஆதாரோடு இணைத்த போன் எண்ணுக்கு ஓடிபி வரும் என்பதால், எண் மாறிப்போனவர்கள் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். ஹட்டிப் பிள்ளைகள் சிலருக்கு நானே அச்செடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதுவும் இல்லாதவர்கள் வாக்காளர் அட்டையைக் காட்டலாம். காட்டினால் போதும், படமெடுக்க விட வேண்டாம்.

அட்டையைக் காட்டினாலும் பெயர் பொருந்த வேண்டுமே. எங்கள் ஹட்டியில் மூன்று போஜன் இருக்கிறார்கள், இரண்டு பேருக்கு இனிஷியலும் ஒன்றே. லைனில் எல்லோரும் மாரி என்று கூப்பிடும் அக்காவுக்கு ஆதாரில் மாரியம்மாள், ரேஷன் கார்டில் மாரியாயி. ஆர்டரில் பேரன் "மாரி பாட்டி" என்று போட்டிருக்கிறான். வெளியூரிலிருந்து புதிதாக வரும் பையன் அட்டையைப் பார்த்துவிட்டுக் குழம்புவான். அது அவன் தப்பு இல்லை.

தபால்

2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது. இங்கே இன்னமும் "ரிஜிஸ்டர் தபால்" என்றுதான் சொல்கிறார்கள். அந்த வசதி போய்விடவில்லை. அதே ஆண்டு அக்டோபரிலிருந்து, ஸ்பீடு போஸ்டில் 5 ரூபாயும் ஜிஎஸ்டியும் கூடுதலாகக் கட்டினால் பதிவு செய்து அனுப்பலாம், பெயருக்குரியவர் கையில் கொடுப்பதற்கென்றே உள்ள ஏற்பாடு அது. ஓடிபி சொன்னால்தான் தர வேண்டும் என்று கேட்டாலும் அதே 5 ரூபாயும் வரியும்தான். முக்கியமான காகிதம் எதை மலைக்கு அனுப்பினாலும் இந்தப் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள் என்று வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

பாஸ்போர்ட் விண்ணப்பித்தவர் கைக்குத்தான் வரும், அடையாள அட்டையும் பார்ப்பார்கள். அந்தக் கண்டிப்பு நியாயமானது. எங்கள் தபால்காரருக்கு மூன்று போஜனையும் முகம் பார்த்தே தெரியும் என்றாலும் அவர்களில் ஒருவருக்கு பாஸ்போர்ட் வந்த அன்றைக்கு அட்டையைக் கேட்டுத்தான் கொடுத்தார். அறிமுகமும் அட்டையும் ஒரே ஆளிடம் சேர்வது தபாலில் மட்டும்தான். குறை என்னவென்றால், அவர் வருவது பகலில். காலையில் கொழுந்துக்குப் போனவர்கள் மாலைதான் திரும்புவார்கள். சீட்டை வைத்துவிட்டுப் போவார், மறுநாள் அரை நாள் கூலியை விட்டுவிட்டுத் தபால் ஆபீசுக்குப் போக வேண்டும். நல்ல முறைக்குக்கூட அவர்கள் கூலிதான் விலையாகிறது.

வயதைப் பார்ப்பது

ஆளைப் பார்ப்பது வேறு, வயதைப் பார்ப்பது வேறு. வயதுக்கு ஒரே ஒரு பதில் போதும்: ஆயிற்றா, இல்லையா.

என் கடையிலும் சிகரெட் இருக்கிறது. 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்பது குற்றம் என்ற பலகையையும் மாட்டியிருக்கிறேன். 2003-ஆம் ஆண்டுச் சட்டம் அது. வாங்குபவர் சிறுவன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் விற்பவர் தலையில்தான் இருக்கிறது, சந்தேகம் வந்தால் சான்று கேட்கலாம். நான் கேட்கிறேன். அட்டையில் பிறந்த வருடத்தை மட்டும் பார்த்துவிட்டு அப்போதே திருப்பிக் கொடுக்கிறேன். எழுதி வைப்பதில்லை.

மது தமிழ்நாட்டில் வீட்டுக்கு வருவதில்லை, டாஸ்மாக்கில்தான் வாங்க வேண்டும், வயது 21. ஆனால் 2020 மே மாதம் ராஞ்சியில் ஸ்விக்கி மதுவை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கியது. அரசு அடையாள அட்டையையும் செல்பியையும் முதலில் ஏற்ற வேண்டியிருந்தது, வாசலில் ஓடிபி சொல்ல வேண்டியிருந்தது. கேட்க உறுதியாகத் தெரிகிறது. ஆனால் அட்டையைச் சரிபார்ப்பது ஆர்டர் போடும்போது, பாட்டில் கைமாறுவது வாசலில். அப்பாவின் போனை எடுத்து எண்ணைச் சொல்லும் பதினாறு வயதுப் பையனை அந்த ஓடிபி தடுக்காது. வயது விஷயத்தில் வாசலில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. பார்த்துவிட்டு, கொடுக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை டெலிவரி பையனுக்கு வேண்டும். திருப்பிக் கொண்டுபோனால் கூலி போய்விடும் என்றால் எந்தப் பையன் மறுப்பான்?

ஆதாரின் புதிய செயலியில் எல்லா விவரத்தையும் திறக்காமல் வேண்டியதை மட்டும் காட்டும் வசதி வந்திருக்கிறது. வயதுச் சோதனைக்குப் பொருத்தமான வழி அதுதான். லைனில் பாதிப் பேர் கையில் பட்டன் போன் இருக்கும்வரை அட்டையைக் கண்ணால் பார்ப்பதைக் கைவிட முடியாது.

தெரிந்த முகம்

கடைசியாக, என் பலகை. ஓடிபி இல்லை, அட்டை இல்லை. "அக்கா, எனக்கு ஏதாச்சும் வந்திருக்கா?" என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பேன். மலையில் நடைமுறைக்கு ஒத்துவருவது இதுதான் என்று நெடுநாள் நம்பினேன். வேகம் உண்டு, செலவு இல்லை, மழைக்கும் டவருக்கும் அஞ்ச வேண்டாம்.

மூன்று வருடம் முன்பு கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணின் பார்சலை அவள் மாமாவிடம் கொடுத்தேன். ஒரே வீடு, பிறந்ததிலிருந்து பார்க்கும் முகம், யோசிக்கவே இல்லை. அவர் வீட்டில் எல்லோர் முன்னாலும் பிரித்துவிட்டார். உள்ளே என்ன இருந்தது என்பதை நான் எழுதமாட்டேன். வீட்டில் நாலு நாள் சண்டை. அந்தப் பெண் அதன் பிறகு ஒரு மாதம் என் கடைப் பக்கம் வரவில்லை. ஆள் மாறவில்லை, விலாசம் மாறவில்லை, ஆனாலும் தப்பான கையில் கொடுத்திருக்கிறேன். தெரிந்த முகம் என்பது அந்த வீட்டையும் உறவையும் சேர்த்தே தெரிந்திருப்பது. பார்சலுக்கு உரியவர் ஒருவர்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அதனால் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அவரவர் பார்சலை யார் வாங்கலாம் என்று அவரவரே எழுத வேண்டும், எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் நான் எழுதி வாசித்துக் காட்டுவேன். பேங்க் கார்டு, செக் புத்தகம் எதையும் கடையில் இறக்கவிடுவதில்லை, நேரில் வாங்கச் சொல்லிவிடுகிறேன். திருப்பூர் மகனிடம் பேசினேன். இப்போது அவன் ஆர்டரில் பக்கத்து வீட்டு அக்காவின் போன் எண்ணைப் போடுகிறான், முட்டி பெல்ட் இரண்டாம் முறை வந்தபோது பாட்டி கைக்கே போய்ச் சேர்ந்தது. மாரி அக்கா மருமகள் பெயரைச் சொன்னார். இரண்டாவது போஜன் அண்ணன், மற்ற இரண்டு போஜனிடமும் கொடுக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்.

அந்தப் பெண்ணும் ஒருநாள் வந்தாள். நோட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். தன் பெயருக்கு நேரே "நான் மட்டும்" என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டாள்.