எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் வைட்டமின்: ஒரே மாத்திரையா, தனித்தனியாகவா?

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் வைட்டமின் வாங்கப் போனால் முதலில் தலை சுற்றும். ஒரு பக்கம் "தினம் ஒன்று போதும்" என்று எழுதியிருக்கும் பேரியாட்ரிக் மல்டிவைட்டமின், அதாவது இந்த அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கென்றே செய்த பல சத்துக் கலவை மாத்திரை. இன்னொரு பக்கம் சாதாரண மல்டிவைட்டமினோடு கால்சியம் தனி, இரும்பு தனி, பி12 தனி என்று அடுக்கிக்கொள்ளும் முறை. அதற்குள்ளேயே மெல்லுவதா, விழுங்குவதா, ஊசியா, ஜெல்லி மிட்டாய் மாதிரியான கம்மியா (gummy), தோலில் ஒட்டும் பேட்ச்சா என்று கிளை பிரிகிறது. என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு ஒரு பேரியாட்ரிக் மல்டியும் தனி கால்சியமும்தான் சரிவரும். லேபிளில் பெரிய பெரிய எண்கள் இருப்பதால் அல்ல. கால்சியம் கூட இருந்தால் இரும்பு சரியாக உள்ளே போகாது, இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 2 மணி நேரம் விட வேண்டும். நாள் முழுவதற்குமான அட்டவணையைத் தீர்மானிப்பது இந்தச் சண்டைதான்.

அதற்கு முன், உங்களுக்கு நடந்தது எந்த அறுவை சிகிச்சை? ஸ்லீவ் என்றால் இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு ஒரு குறுகிய குழாயை மட்டும் விட்டிருப்பார்கள். குடல் பழையபடியே இருக்கும். ஆனால் அமிலமும், பி12-ஐ உறிஞ்சத் தேவையான இன்ட்ரின்சிக் ஃபேக்டர் என்ற புரதமும் குறைந்துவிடும். பைபாஸில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. சாப்பிட்டது சிறுகுடலின் முதல் பகுதியான டியோடினத்தையும் அதை அடுத்த பகுதியின் தொடக்கத்தையும் தொடாமலேயே கீழே இறங்கிவிடும். உடல் இரும்பை முக்கியமாக எடுத்துக்கொள்வது அங்கேதான். டியோடினல் ஸ்விட்ச் என்ற மூன்றாவது வகையில் கொழுப்பே சரியாக உறிஞ்சப்படாது, அதனால் கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே நான்கும் அதோடு வீணாகும். அவர்களுக்கான அளவுகள் வேறு. கால்சியமே 1,800 முதல் 2,400 மில்லிகிராம் வரை போகும். கீழே நான் சொல்வதெல்லாம் ஸ்லீவ், பைபாஸ் இரண்டையும் மனதில் வைத்துத்தான்.

அளவுகளுக்குப் பரவலாக எடுத்துக்கொள்ளப்படுவது ஏஎஸ்எம்பிஎஸ் என்ற அமெரிக்க பேரியாட்ரிக் அறுவை சிகிச்சைச் சங்கத்தின் 2016 வழிகாட்டுதல். தயமின் எனப்படும் பி1 குறைந்தது 12 மில்லிகிராம், முடிந்தால் 50. வாய்வழி பி12 350 முதல் 500 மைக்ரோகிராம். வைட்டமின் டி3 தொடக்கத்தில் 3,000 ஐயூ (சர்வதேச அலகு). கால்சியம் 1,200 முதல் 1,500 மில்லிகிராம். இரும்பு, மாதவிடாய் வரும் பெண்களுக்கும் பைபாஸ், ஸ்லீவ் ஆனவர்களில் பலருக்கும் 45 முதல் 60 மில்லிகிராம். ரத்தசோகை வந்ததே இல்லாத ஆண்களுக்கு 18 போதும்.

சாதாரண மல்டியா, பேரியாட்ரிக் மல்டியா

மேலே உள்ள எண்களை ஒரு சாதாரண மல்டிவைட்டமின் பாட்டிலோடு வைத்துப் பாருங்கள். அது முழு இரைப்பை உள்ளவருக்காகச் செய்தது. தயமின் ஒன்றரை மில்லிகிராம் அளவில் இருக்கும். பி12 பெரும்பாலும் சில மைக்ரோகிராம்தான். இரும்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இதை வைத்துத் தேவையை எட்ட வேண்டுமானால் பி காம்ப்ளெக்ஸ், பி12, டி3, இரும்பு எல்லாம் தனித்தனியாக வாங்க வேண்டும். கால்சியத்தையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது மாத்திரை ஆகிவிடும். முதல் மாதம் இதை ஒழுங்காகச் செய்வார்கள். எடை குறைந்து, உடம்பு நன்றாகத் தோன்ற ஆரம்பித்ததும் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும். எண்ணிக்கை கூடக்கூட விட்டுப்போவதும் கூடும், அவ்வளவுதான்.

"சரி, சாதாரண மல்டியையே இரண்டாகப் போட்டுக்கொள்ளலாமே" என்று சிலர் கேட்பார்கள். முன்பு அப்படிச் சொல்வதும் உண்டு. ஆனால் இரண்டாகப் போட்டாலும் தயமினும் பி12-உம் தேவையான அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. வைட்டமின் ஏ மட்டும் இரட்டிப்பாகும். கர்ப்பம் தரிக்க எண்ணும் பெண்களுக்கு ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ அதிகமாவது நல்லதல்ல; அவர்கள் பீட்டா கரோட்டின் வடிவம் எது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பேரியாட்ரிக் மல்டியில் கால்சியம் தவிர மற்றதெல்லாம் ஒன்றாகவோ இரண்டாகவோ சுருங்கும். துத்தநாகமும் தாமிரமும் சரியான விகிதத்தில் இருக்கும் வாய்ப்பும் அதிகம். இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. முடி கொட்டுகிறதே என்று தனியாகத் துத்தநாகம் போட்டுக்கொண்டே போனால் தாமிரம் குறையும், தாமிரக் குறைவு நரம்பைத் தாக்கும். ஒரு மில்லிகிராம் தாமிரத்துக்கு 8 முதல் 15 மில்லிகிராம் துத்தநாகம் என்ற கணக்குக்குள் இருப்பது நல்லது.

ஆனால் லேபிளில் "பேரியாட்ரிக்" என்று போட்டிருப்பதாலேயே நம்பிவிடக்கூடாது. ஒரே பெயரில் இரும்பு 45 உள்ளது, 18 உள்ளது, இரும்பே இல்லாதது என்று வகைகள் வரும். பாட்டிலைத் திருப்பி முதலில் இரும்பு எவ்வளவு என்று பாருங்கள், அப்புறம் அந்த அளவு எத்தனை மாத்திரைக்கு என்று பாருங்கள். பட்டியலில் உள்ள எண் இரண்டு மாத்திரைக்கானது என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். ஒன்று மட்டும் போடுகிறவர் பாதி அளவில் ஓடிக்கொண்டிருப்பார்.

தனித்தனி முறை ஜெயிக்கும் இடங்களும் உண்டு. இரும்பு வயிற்றைப் புரட்டினால் அதை மட்டும் இரவுக்குத் தள்ள முடியும். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு வைட்டமின் கே அளவு ஏறி இறங்கக்கூடாது, அப்போது எல்லாம் கலந்த மாத்திரையைவிடத் தனித்தனி மேல். உடம்பில் இரும்பு அதிகமாகத் தேங்கும் கோளாறு உள்ளவர்களுக்கும் அப்படியே. இப்படி ஒரு காரணம் இருந்தால் எட்டு மாத்திரைக்கும் அர்த்தம் இருக்கிறது. இல்லையென்றால் வீண் சிரமம்.

கால்சியம்: சிட்ரேட்டா, கார்பனேட்டா

"எல்லாம் ஒரே மாத்திரையில்" என்ற வாக்குறுதி உடைவது இங்கேதான். கால்சியம் சிட்ரேட்டின் எடையில் 21 சதவீதம்தான் உண்மையான கால்சியம். 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டுமானால் கிட்டத்தட்ட 5.7 கிராம் சிட்ரேட் வேண்டும். அதை எந்த ஒரு மாத்திரைக்குள்ளும் அடைக்க முடியாது. அடைத்தாலும் உடல் ஒரே நேரத்தில் 500, 600 மில்லிகிராமுக்கு மேல் சரியாக எடுத்துக்கொள்ளாது. ஆக, கால்சியம் எப்படியும் தனி, எப்படியும் இரண்டு மூன்று வேளை.

கார்பனேட்டில் 40 சதவீதம் கால்சியம். மாத்திரை சிறிது, எண்ணிக்கை குறைவு. சாதாரண ஆட்களுக்கு இதுவே போதும். சிக்கல் என்னவென்றால் கார்பனேட் கரைய அமிலம் வேண்டும், சாப்பாட்டோடுதான் போட வேண்டும். இந்த அறுவை சிகிச்சைக்குப் பின் அமிலம் ஏற்கெனவே குறைவு. அதற்கு மேல் அமிலத்தை அடக்கும் பேன்டொப்ரசோல், ஒமெப்ரசோல் மாதிரி மாத்திரையும் பலருக்குச் சில மாதங்கள் ஓடும். சிட்ரேட்டுக்கு அந்தக் கவலை கிடையாது. வெறும் வயிற்றிலும் போடலாம், சாப்பாட்டோடும் போடலாம். மாத்திரை பெரிதாக இருக்கிறது என்ற புகார் நியாயமானதுதான். பொடியாகவோ மெல்லும் வகையாகவோ வாங்கினால் அது தீரும். என்னைக் கேட்டால் பைபாஸுக்கு சிட்ரேட்தான், ஸ்லீவுக்கும் அமில மாத்திரை நிற்கும்வரை சிட்ரேட்தான்.

இங்கே ஒரு லேபிள் வித்தை இருக்கிறது. முன்பக்கம் "கால்சியம் சிட்ரேட் 1,000 மி.கி." என்று பெரிதாக இருக்கும். அது உப்பின் எடை. உள்ளே இருக்கும் கால்சியம் சுமார் 210 மில்லிகிராம். பின்பக்கத்தில் "எலிமென்டல் கால்சியம்" என்று எழுதியிருக்கும் எண்தான் கணக்கு. இரும்பிலும் இதே கதைதான்: 325 மில்லிகிராம் ஃபெரஸ் சல்பேட் மாத்திரையில் உள்ள இரும்பு 65 மில்லிகிராம்.

பி12: ஊசியா, மாத்திரையா

அளவு பெரிதாக இருந்தால் மாத்திரையே போதும். இன்ட்ரின்சிக் ஃபேக்டர் இல்லாவிட்டாலும் விழுங்கும் பி12-இல் 1 சதவீதம் அளவுக்குத் தானாகவே ரத்தத்தில் கலந்துவிடும். 500 மைக்ரோகிராமில் 1 சதவீதம் என்றால் 5. ஒரு நாள் தேவை 2.4 தான். நாக்குக்கு அடியில் வைப்பதும் விழுங்குவதும் பலனில் பெரிதாக வேறுபடுவதில்லை, பிடித்ததைச் செய்யலாம். மாதம் ஒருமுறை 1,000 மைக்ரோகிராம் ஊசி என்பது வேறு ஆட்களுக்கு: மாத்திரையை மறந்துகொண்டே இருப்பவர்கள், சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் எடுப்பதால் பி12 அளவு ஏறாதவர்கள், ஏற்கெனவே கை கால் மரத்துப்போக ஆரம்பித்தவர்கள். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் பி12 குறைவு வெளியே தெரியவே வருடங்கள் ஆகலாம். "இவ்வளவு நாள் ஒன்றும் ஆகவில்லையே" என்ற தைரியம் அங்கே செல்லாது.

தயமின் இதற்கு நேர் எதிர். உடலில் அதன் கையிருப்பு இரண்டு மூன்று வாரங்களுக்குத்தான். முதல் மாதங்களில் தொடர்ந்து வாந்தி எடுப்பவர், எந்த மாத்திரை நல்லது என்று யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. வாந்தியோடு பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பம் என்று ஏதாவது வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் ஏற்ற வேண்டும் என்பதால், அறுவை சிகிச்சை ஆனவர் என்பதை அங்கே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

கம்மி, பேட்ச்

சுருக்கமாக முடித்துவிடலாம். கம்மியில் பெரும்பாலும் இரும்பு இருக்காது, தயமினும் இருக்காது, சர்க்கரை இருக்கும். பேட்ச் வாந்தி வருபவர்களுக்கு ஆசை காட்டும், ஆனால் தோல் வழியாக இத்தனை சத்தும் போதிய அளவு போகிறது என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. முதல் வாரங்களில் மெல்லும் மாத்திரை அல்லது திரவம், விழுங்கப் பழகியபின் மாத்திரை. மெதுவாகக் கரையும் வகை, குடலில் மட்டும் கரையும் பூச்சு போட்ட வகை இரண்டையும் தவிர்ப்பது நல்லது. குறுகிய பாதையில் அது கரைவதற்குள் தேவையான இடத்தைத் தாண்டிவிடும்.

அட்டவணை

காலையில் தைராய்டு மாத்திரை போடுபவரா என்பதைப் பொறுத்து இது இரண்டாகப் பிரியும். இல்லையென்றால் எளிது: காலை உணவோடு இரும்புள்ள மல்டி, முற்பகலில் கால்சியம், மாலையில் கால்சியம், தூங்கும் முன் இன்னொன்று. காபி, தேநீர் இரண்டும் இரும்பைத் தடுக்கும், மல்டிக்கும் அவற்றுக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காலை காபியை விட முடியாதவர்கள் அட்டவணையைத் தலைகீழாக்கி, இரவுச் சாப்பாட்டோடு மல்டி, பகலில் கால்சியம் என்று வைத்துக்கொள்ளலாம். காபியோடு போராடித் தோற்பதைவிட இது மேல்.

தைராய்டு மாத்திரை இருந்தால் அதற்கும் இரும்பு, கால்சியம் இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரம் வேண்டும். எழுந்ததும் தைராய்டு, மதியம் கால்சியம், மாலை கால்சியம், இரவு மல்டி. இங்கே கால்சியம் மூன்று வேளையாகப் பிரிய இடமில்லை, ஆகவே ஒரு வேளைக்கு 600 கிடைக்கும் வகையாக வாங்க வேண்டும்.

நீங்கள் எடுத்த முடிவு சரியா என்று சொல்வது ரத்தப் பரிசோதனை. வழக்கமாக 3, 6, 12 மாதங்களில், அப்புறம் வருடம் ஒருமுறை. ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது; உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அதற்கு முன்பே இறங்கத் தொடங்கும். ரத்தத்தில் கால்சியம் சரியாக இருக்கிறது என்பதும் ஆறுதல் அல்ல. குறையும்போது உடல் எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்தை நிரப்பிக்கொள்ளும். அப்படி எடுக்க வைக்கும் பாராதைராய்டு ஹார்மோன் ஏறியிருக்கிறதா என்று பார்த்தால்தான் அது தெரியும். முடிக்காகப் பயோட்டின் என்ற பி வைட்டமினைப் பெரிய அளவில் எடுப்பவர்கள் அதைப் பரிசோதனைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அது தைராய்டு உள்ளிட்ட சில முடிவுகளைத் தப்பாகக் காட்டும், எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று அவர் சொல்வார்.