கேஸா, இனர்ஷியாவா? வாத்துக்கும் கிளேக்கும் ஒரே துப்பாக்கி

அமெரிக்காவில் செமி-ஆட்டோ ஷாட்கன் (ஒவ்வொரு வெடிக்கும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி) வாங்கப் போகிறவர் பெரும்பாலும் வாத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் கடைக்குள் நுழைகிறார். சதுப்பு நிலம், உறைபனி, மூன்றரை அங்குலத் தோட்டா, நாணல் வண்ணம் பூசிய உடல். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் அந்தத் துப்பாக்கி சுட்டதில் பெரும்பங்கு கிளே எனப்படும், காற்றில் எறிந்து சுடும் ஆரஞ்சு நிறத் தட்டுகளாகத்தான் இருக்கும். கணக்கு எளிது. வாத்துக்கு ஒரு நாளைக்கு இத்தனை என்று வரம்பு உண்டு, பல மாநிலங்களில் ஆறு. ஓரளவு சுடத் தெரிந்தவருக்கு ஒரு பெட்டித் தோட்டா, அதாவது 25, தாராளம். இந்தத் தட்டுகளைச் சுடும் ஸ்போர்ட்டிங் கிளேஸ் ஆட்டம் ஒரு சுற்று என்றால் 100 தட்டு. ஒரு சனிக்கிழமை காலையில் நாலு பெட்டி காலி.

அதனால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வேலைக்கும் ஒரே துப்பாக்கி என்றால், 12 கேஜில் (குழல் விட்டத்தின் அளவு), 3 அங்குலத் தோட்டா அறையோடு, கேஸில், அதாவது வெடியின் வாயுவில் இயங்கும் ஒன்றை வாங்குங்கள். இது பொருந்தாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றியும் வருகிறேன்.

ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குழல் கொண்ட அடுக்குக் குழல் துப்பாக்கியை ஏன் பேசவில்லை என்று கேட்பீர்கள். கிளேக்கு மட்டும் என்றால் அதைத்தான் பேச வேண்டும். தட்டு சுடும் போட்டியான ஒலிம்பிக் டிராப் களத்தில் எல்லோர் கையிலும் அதுதான். 2024 பாரிஸில் சுட்ட நம்ம புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் ஆடுவது அந்த ஆட்டம். ஆனால் நல்ல அடுக்குக் குழலின் விலை எகிறிக்கொண்டே போகும், உதையைத் தணிக்க அதற்குள் எந்த ஏற்பாடும் கிடையாது, சேற்றுக்குள் இறக்க மனசும் வராது. செமி-ஆட்டோவில் மூன்றாவது தோட்டாவும் உண்டு. வலசைப் பறவைகளை வேட்டையாடும்போது துப்பாக்கிக்குள் மொத்தமே மூன்று தோட்டாதான் இருக்கலாம் என்பது 1935 முதல் அமெரிக்க மத்திய அரசு விதி. மேகசினுக்குள், அதாவது தோட்டாக்களை அடுக்கும் குழாய்க்குள், ஒரு பிளக் (அடைப்பு) செருகித்தான் விற்கிறார்கள். அதைக் கழற்றாமல் விட்டுவிடுவது நல்லது.

இரண்டு வழி

சுட்டதும் காலித் தோட்டாவை வெளியே தள்ளி அடுத்ததை உள்ளே ஏற்ற ஒரு விசை வேண்டும். அதை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் இரு கட்சிகளும் பிரிகின்றன.

கேஸ் கட்சி, ரவையை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்) தள்ளிக்கொண்டு ஓடும் வாயுவில் கொஞ்சத்தைக் குழலில் உள்ள சிறு துளை வழியாக எடுக்கிறது. மேகசின் குழாயைச் சுற்றி ஒரு பிஸ்டன். வாயு அதைத் தள்ள, அது தோட்டா அறையின் பின்வாயை மூடும் போல்ட்டைத் தள்ளுகிறது. 1963-இல் ரெமிங்டன் கொண்டுவந்த 1100 இதை வீட்டுக்கு வீடு சேர்த்தது. இன்றைக்கு பெரெட்டாவின் ஏ300, ஏ400, வின்செஸ்டர் எஸ்எக்ஸ்4, பிரவுனிங் மேக்ஸஸ், மாஸ்பெர்க் 940 எல்லாம் இந்தக் கூட்டம்.

இனர்ஷியா கட்சிக்குத் தலைமையகம் இத்தாலியின் உர்பீனோ, நிறுவனம் பெனெல்லி, அமைப்பை வடித்தவர் புரூனோ சிவொலானி. இதில் போல்ட்டின் தலைக்கும் கனத்த உடலுக்கும் நடுவே குட்டையாக, முரட்டுத்தனமாக ஒரு ஸ்பிரிங். சுட்டதும் துப்பாக்கி முழுவதும் பின்னால் பாய்கிறது. போல்ட்டின் உடல் மட்டும், பேருந்து சட்டென்று கிளம்பும்போது நின்றிருப்பவர் போல, இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. நடுவில் ஸ்பிரிங் நசுங்கி, மறுகணம் விரிந்து போல்ட்டைப் பின்னால் விசிறியடிக்கிறது. துளை இல்லை, பிஸ்டன் இல்லை. புகையும் கரியும் குழல் முனை வழியாகப் போய்விடும்.

இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் மற்றதெல்லாம் கிளைக்கிறது. இனர்ஷியா இயங்குவதே உதையை வைத்து. ஆகவே அந்த உதை முழுவதும் உங்கள் தோளுக்கு வந்தே தீரும். கேஸ் அமைப்பு உதையை ஒழித்துவிடாது, அது இயற்பியல். ஆனால் நகரும் பாகங்கள் அதைச் சற்று நீட்டி, ஒரே குத்தாக வராமல் ஒரு தள்ளலாக மாற்றிவிடும்.

எடையும் சேர்ந்துகொள்கிறது. பாகங்கள் குறைவு என்பதால் இனர்ஷியா துப்பாக்கிகள் இலேசானவை. ஒரே தோட்டாவை ஏழு பவுண்டு துப்பாக்கியிலும் எட்டு பவுண்டு துப்பாக்கியிலும் சுட்டால், கனமானதில் உதையின் ஆற்றல் எட்டில் ஒரு பங்கு குறைவு. புதருக்குள் நாயின் பின்னால் நாள் முழுக்க நடக்கிறவருக்கு அந்த ஒரு பவுண்டு மிச்சமாவது வரம். அதையே எண்பதாவது தட்டுக்குத் தோளில் வைக்கும்போது சாபம். உதைக்குப் பயந்து உடம்பு தானாகவே கண்ணை மூடும், தலையைத் தூக்கும், குழலை நடுவழியில் நிறுத்தும். அப்புறம் தட்டு முழுசாகப் போய்ப் புல்லில் விழும்.

நேருக்கு நேர்

மேல்தட்டில் இரண்டே பெயர்கள்: பெரெட்டா ஏ400 எக்ஸ்ட்ரீம் பிளஸ், பெனெல்லி சூப்பர் பிளாக் ஈகிள் 3. இரண்டும் 2,000 டாலருக்கு அக்கம்பக்கம். வேடிக்கை என்னவென்றால் பெனெல்லியும் பெரெட்டா குழுமத்தின் கீழ்தான். எதை வாங்கினாலும் பணம் ஒரே வீட்டுக்குப் போகிறது. பெரெட்டாவின் ஆவணங்கள் 1526 வரை பின்னோக்கிப் போகும், ஆகவே அவர்களுக்கு ஒன்றும் அவசரமில்லை.

தோளில் வைத்துப் பார்த்தால் பெனெல்லி உடனே மனதைப் பிடிக்கும். ஏழு பவுண்டு, ஒல்லியான முன்கைப்பிடி, நினைத்த இடத்துக்குப் போய் நிற்கும் குழல். பெரெட்டா எட்டு பவுண்டை நெருங்கும், முன்பக்கம் சற்றுப் பருமன். கடையில் கையில் எடுத்துப் பார்த்து முடிவு செய்கிறவர்கள் பெனெல்லியோடு வெளியே வருவது இதனால்தான். ஆனால் கடையில் யாரும் சுட்டுப் பார்ப்பதில்லை.

சுடும்போது கதை திரும்புகிறது. ஏ400 எக்ஸ்ட்ரீம் பிளஸின் பின்கட்டைக்குள் உதையைத் தணிக்கும் ஹைட்ராலிக் டேம்பர் வைத்திருக்கிறார்கள். கேஸ் அமைப்பின் மென்மைக்கு மேல் அதுவும் சேரும்போது, கனத்த வாத்துத் தோட்டாகூட மரியாதையாகவே தள்ளும். பெனெல்லியும் பின்கட்டையில் சாய்வாக மெத்தைப் பட்டைகள் பதித்து முயன்றிருக்கிறது, பலனும் இருக்கிறது. இருந்தாலும் ஒரே நாளில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சுடுகிறவருக்கு எது மென்மை என்பதில் சந்தேகம் வராது.

இலேசான தோட்டா இன்னொரு இடறல். கிளேக்கு 24 கிராம், 28 கிராம் தோட்டாக்களை விரும்பிச் சுடுகிறவர்கள் ஏராளம். மூன்றரை அங்குல முரட்டுத் தோட்டாவுக்காகச் செய்த இனர்ஷியா துப்பாக்கி, புதிதாக இருக்கும்போது 24 கிராமை மதிக்காமல் போகலாம்: காலித் தோட்டா பாதி வெளியே நீட்டிக்கொண்டு மாட்டிக்கொள்ளும். கனமான தோட்டாக்களைக் கொஞ்சம் சுட்டுப் பழக்கிய பிறகு பெரும்பாலும் சரியாகிவிடும். துப்பாக்கி பின்னால் நகர்ந்தால்தான் இயங்கும் என்பதால் அதை அசையவிடாமல் எதன்மீதும் முட்டுக்கொடுக்கவும் கூடாது. கேஸ் துப்பாக்கி இந்த இரண்டையும் பொருட்படுத்துவதில்லை. மிஞ்சிய வாயுவை வால்வு வெளியே விட்டுவிடுவதால் இலேசானதையும் கனத்ததையும் கலந்து சுடலாம்.

பிறகு அந்த 'கிளிக்'. பெனெல்லிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம். விடியலுக்கு முன் மறைவிடத்தில் சத்தம் வரக்கூடாதே என்று போல்ட் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக விடுவார்கள். சுழன்று பூட்டிக்கொள்ள வேண்டிய போல்ட் தலை கடைசி மயிரிழையில் நின்றுவிடும். பார்வைக்கு மூடியது போலவே இருக்கும். படகிலிருந்து இறங்கும்போது கைப்பிடி எதிலாவது இடித்தாலும் இதே கதிதான். வாத்துக்கூட்டம் தலைக்கு மேல் இறக்கையை மடக்கும் நேரத்தில் விசையை இழுத்தால் வருவது வெறும் கிளிக். ஈகிள் 3-இல் இதற்கென்றே பூட்டை முழுமையாக இழுத்துப்பிடிக்கும் ஏற்பாடு வைத்துவிட்டார்கள். பழைய மாடல்களுக்கு மருந்து ஒன்றுதான்: போல்ட்டைப் பிடித்து இறக்காமல் டமாரென்று விடுவது.

சுத்தம் செய்வதில் பெனெல்லி தெளிவாக ஜெயிக்கிறது. ஒரு சீசன் முழுக்கச் சுட்டுவிட்டுக் கழற்றினாலும் உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். கடும் குளிரில் கெட்டி எண்ணெயை மட்டும் நிறைய ஊற்றிவிடாதீர்கள், இறுகினால் இரண்டு வகையுமே மந்தமாகும். கேஸ் துப்பாக்கியில் மூடியைத் திருகி, குழலை உருவி, பிஸ்டனை எடுத்தால் விரல் கறுப்பாகும். மேகசின் குழாயில் கரி ஏடு படிந்து கெட்டியாகியிருக்கும், அதைச் சுரண்டத்தான் வேண்டும். ஆனால் இது நாற்பது வருடத்துக்கு முன்பிருந்த அளவு பெரிய பாடு இல்லை. ஏ400-இன் பிஸ்டனில் உள்ள வளையம் ஒவ்வொரு வெடிக்கும் தானே வழித்துக்கொள்கிறது. மாஸ்பெர்க் 940 ப்ரோவுக்கு 1,500 தோட்டா வரை சுத்தம் செய்யாமல் ஓடும் என்று கம்பெனியே சொல்கிறது. கால் மணி நேர வேலைக்குப் பயந்து தோளைப் பலி கொடுக்க வேண்டாம் என்பது என் கட்சி.

மூன்றரை அங்குலம் தேவையா?

இது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும். நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்கு அமெரிக்கா முழுக்கத் தடை வந்தது 1991-இல். ஈயத்தின் அடர்த்தி 11.3, எஃகுக்கு 7.8 அளவுதான். அதே அளவு ரவை எடை குறைந்து, சீக்கிரம் வேகம் இழக்கும். ஈடுகட்டப் பெரிய ரவை வேண்டும், பெரிய ரவைக்கு அதிக இடம் வேண்டும், ஆகவே நீளமான தோட்டா. மாஸ்பெர்க் 1988-இலேயே, கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப் துப்பாக்கியில் 3½ அங்குல அறையைக் கொண்டுவந்துவிட்டது. செமி-ஆட்டோவில் அதைச் சாதித்த முதல் சூப்பர் பிளாக் ஈகிள் தடை வந்த அதே 1991-இல் வந்தது.

அன்றைய எஃகுத் தோட்டா மந்தமானது. இன்று 3 அங்குலத் தோட்டாவே நல்ல வேகத்தில் வருகிறது. போதாதென்றால் பிஸ்மத், டங்ஸ்டன் ரவைகள் இருக்கின்றன, விலைதான் கண்ணைக் கட்டும். உயரத்தில் பறக்கும் பெரிய வாத்துகளைச் சீசன் முழுக்கத் துரத்துகிறவருக்கு மூன்றரை அங்குல அறை பயன்படும். புறா, காடை, தட்டு, அளவான தூரத்து வாத்து என்றிருப்பவர் அதற்காகச் சில நூறு டாலர் கூடுதலாகக் கொடுத்து, ஒன்றரை அவுன்ஸ் எஃகின் உதையையும் வாங்கிக்கொள்வானேன்?

ஆயிரம் டாலர் வரிசை

பெரும்பாலோருக்கு உண்மையான போட்டி இங்கேதான். பெரெட்டா ஏ300 அல்டிமா, வின்செஸ்டர் எஸ்எக்ஸ்4 இரண்டும் கேஸ். ஃபிராங்கி அஃபினிட்டி 3 இனர்ஷியா. மூன்றும் ஏறத்தாழ ஆயிரம் டாலர், கொஞ்சம் முன்னே பின்னே.

ஏ300-ஐ அமெரிக்காவிலேயே டென்னசியில் செய்கிறார்கள். ஏ400-இன் மினுமினுப்பு கிடையாது, போல்ட் திரும்பும் வேகமும் ஒரு இழை குறைவு. தட்டு அதைக் கவனிக்காது. எஸ்எக்ஸ்4 கூட நல்ல துப்பாக்கிதான், பூட்டுப் பொத்தானும் கைப்பிடியும் கையுறையோடு தடவினாலே அகப்படும் அளவுக்குப் பெரியவை. அஃபினிட்டி, பெனெல்லியின் அதே தத்துவம். ஆனால் திரும்பும் ஸ்பிரிங்கைப் பின்கட்டைக்குள் புதைக்காமல் மேகசின் குழாயைச் சுற்றி வைத்திருப்பதால் கழற்றித் துடைப்பது சுலபம். நடந்து வேட்டையாடுவதே முக்கியம், கிளே எப்போதாவது ஒரு சுற்று என்பவர்கள் நான் முதலில் சொன்னதை மறந்துவிட்டு இதை எடுக்கலாம்.

இவற்றுக்குக் கீழே ஸ்டோகர் எம்3000 போன்ற துருக்கித் தயாரிப்புகள். விலைக்கு வேலை செய்கிறது, உதைக்கவும் உதைக்கிறது.

இந்த மூன்றில் நான் கைகாட்டுவது ஏ300. குழல் 28 அங்குலம் வைத்துக்கொள்ளுங்கள். வேட்டைக்காரர்கள் 26, கிளேக்காரர்கள் 30 என்பார்கள், இரண்டுக்கும் நடுவில் இது யாருக்கும் கெடுதல் செய்யாது. சோக் (குழல் முனையின் குறுக்கம்) விஷயத்தில், எஃகு ரவைக்கு நடுத்தர இறுக்கமான மாடிஃபைடைவிட இறுக்கமாகப் போக வேண்டாம்.

பழையது வாங்கத் தயங்காதவர்களுக்கு ரெமிங்டன் 1100 இருக்கிறது. அதைப் போல் மென்மையாகச் சுடுகிற துப்பாக்கி இன்றும் குறைவுதான். அதில் வாயுவை அடைக்க ஒரு ரப்பர் வளையம் உண்டு. அதில் விரிசல் விட்டால் துப்பாக்கி ஒற்றைச் சுட்டு ஆகிவிடும். பையில் மாற்று வளையம் ஒன்று வைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. ஆனால் முனை மிக இறுக்கமான பழைய ஃபுல் சோக் குழலில் எஃகு ரவை போடக்கூடாது என்பதால் வாத்துக்கு வேறு குழல் தேட வேண்டியிருக்கும்.

டிராப் களத்துக்கு எந்த செமி-ஆட்டோவோடு போனாலும், காலித் தோட்டாவைப் பிடித்துக்கொள்ளும் சின்ன ஷெல் கேச்சர் ஒன்று வாங்கி மாட்டுங்கள். வலப்பக்கம் நிற்பவரின் முழங்கையில் சூடான தோட்டா விழுந்துகொண்டே இருந்தால் அவர் எத்தனை நல்லவராக இருந்தாலும் மூன்றாவது தோட்டாவோடு பொறுமை போய்விடும்.

வாங்கும் முன் கடையில் ஒன்று செய்து பாருங்கள். அறையும் மேகசினும் காலி என்று உறுதி செய்துவிட்டு, கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, பாதுகாப்பான திசையில் கண்ணை மூடி வழக்கம்போலத் தோளுக்கு ஏற்றிக் கண்ணைத் திறங்கள். குழல் மேல்பட்டி கொஞ்சமாகத் தெரிந்து, நுனி மணி நடுவில் நின்றால் பொருத்தம் சரி. ரிசீவரின் (போல்ட் இருக்கும் நடு உடல்) முதுகு மட்டுமே தெரிந்தால் கட்டை உங்களுக்குத் தாழ்வு. பட்டி முழுக்க நீண்டு தெரிந்தால் உயரம். மணி இடமோ வலமோ ஒதுங்கினால் சாய்வு சரியில்லை. பெரெட்டா, பெனெல்லி இரண்டின் பெட்டியிலும் இதைச் சரிசெய்ய ஷிம் தகடுகள் வரும். கட்டைக்கும் ரிசீவருக்கும் நடுவே மாற்றிப் போட வேண்டியதுதான். வாங்கின அன்றைக்கே போட்டுவிடுங்கள்.