பழைய டிராக்டருக்கு வீட்டுல வச்சே பெயின்ட்: பிரஷ்ஷா, கன்னா, பி.யூ.வா?

சேரன்மாதேவி பக்கம் எங்க வளவுல ஒரு மாசி (மாஸே பெர்குசன்) 1035 டிராக்டர் நிக்கி, 84 மாடல், அப்பா வாங்குனது. இன்னைக்கும் ஒரே செல்ஃப்ல பிடிச்சுக்கிடும். ஆனா சிவப்பு பானெட் வெளிறி ரோஸ் கலராயிட்டு, மக்கார்டு ஓரமெல்லாம் துரு தின்னுட்டு. நானே அடிச்சிருதேன்னு இறங்குனேன், அதுக்கு முன்னாடி ஒரு சைக்கிளுக்குகூட பெயின்ட் அடிச்சது கிடையாது.

கடையில கேட்டா ஆளுக்கொன்னு சொல்லுதாவ. டின் ஸ்ப்ரே வாங்கிக்கோன்னு ஒருத்தர், அது லைட் வளையத்துக்கும் நட்டு போல்டுக்கும் சரி, பானெட்டுக்கு அடிச்சா திட்டுத்திட்டா நிக்கும், துட்டும் கரையும். அத விட்டுருவோம்.

நிஜமான போட்டி பிரஷ்ஷுக்கும், கம்ப்ரசர் காத்துல பெயின்ட்ட பீச்சுத ஸ்ப்ரே கன்னுக்கும்தான். ரெண்டுலயும் நான் ஊத்துனது ஒரே சிந்தெடிக் எனாமல். அது காத்துல இருக்க ஆக்சிஜன இழுத்துத்தான் இறுகும், அதனால மெதுவாத்தான் காயும், அந்த மெதுவுதான் பிரஷ்காரனுக்கு லாபம், ஏன்னா நம்ம இழுத்த கோடெல்லாம் தானா படிஞ்சு கொஞ்சம் சமமாயிரும். கியர் பாக்ஸ், ஆக்சில், இன்ஜின் பிளாக் மாதிரி மேடுபள்ளமான வார்ப்புக்கு பிரஷ்ஷ அடிச்சுக்க ஆளில்ல, சந்துபொந்தெல்லாம் போயிரும், பெயின்ட் வீணாகாது. நஷ்டம் என்னன்னா மணிக்கணக்கா ஒட்டுத பதத்துலயே கிடக்கும், பக்கத்து வயல்ல கதிரடிச்சா சுணை அத்தனையும் வந்து ஒட்டிக்கிடும், கொசு ஒண்ணு ரெண்டு சமாதியும் ஆவும். அப்புறம் பானெட் மாதிரி அகலமான தகட்டுல எவ்வளவு பாத்து இழுத்தாலும் வெயில்ல சாஞ்சு பாத்தா தடம் தெரியும்.

கன்னுல அந்தத் தடம் இல்ல, பளபளன்னு வரும். ஆனா கை பழகணும். ஒரு சாண் தூரத்துல பிடிச்சு, கைய நகத்த ஆரம்பிச்ச பெறவுதான் விசைய அழுத்தணும், நின்னு அழுத்தினியளோ வழிஞ்சிரும். பெயின்ட்ட டர்பன்டைன் விட்டு இளக்கி, மெல்லிசு துணியில வடிகட்டித்தான் ஊத்தணும். கம்ப்ரசர் டேங்குல தண்ணி சேரும், அடிக்க முன்னாடி தெறந்து விட்டுருங்க, இல்லன்னா பெயின்ட்டுல குழிகுழியா விழும்.

அதைவிடப் பெரிய தலைவலி காத்து. செங்கோட்டை கணவாய் வழியா வார ஆனி ஆடி காத்துல நான் புத்திகெட்டு வெளிய வச்சு அடிச்சேன், பாதி பெயின்ட் பானெட்டுக்குப் போகாம பக்கத்து வீட்டு மாடிக்குப் போயிட்டு. அத்தை தட்டோட வந்து நின்னு, "ஏய்யா, கூழ்வத்தல கேசரி கலராக்கிட்டியே"ன்னு ஒரே சத்தம். ஐப்பசி கார்த்திகைல மழை, பங்குனிக்கு மேல தகடு தோசைக்கல்லா கொதிக்கும். மாசி மாசம் காலம்பற, தொழுவுக்குள்ள நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டித் தரைய நனச்சு விட்டு அடிச்சதுதான் உருப்பட்டுது.

என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் பத்து நிமிசத்துல காயும், தூசி ஒட்டாதுன்னு ஆசை காட்டுவாவ. அதோட தின்னர் பழைய எனாமல் மேல பட்டா தோல் சுருங்குன மாதிரி கிளம்பிக்கிட்டு வரும், ஈரக்காத்து அடிச்சா வெள்ளையா பூத்துரும். முழுசா தகடு தெரிய சொரண்டுத தெம்பு இருந்தா மட்டும் யோசிங்க.

பி.யூ.ங்கது பாலியூரித்தேன் பெயின்ட், எல்லாத்தையும் விட கெட்டி, வெயிலும் டீசலும் ஒண்ணும் பண்ணாது. ஆனா அது இறுகுததுக்குக் கலக்குத ஹார்டனர்ல ஐசோசயனேட்டுங்க ரசாயனம் இருக்கு, அத ஸ்ப்ரே பண்ணும்போது மூச்சுல இழுத்தா ஆஸ்துமாவே வரலாம், துணி மாஸ்க் எல்லாம் சும்மா பேருக்கு. பி.யூ.தான் வேணும்னா பானெட்ட கழத்தி பட்டறைல குடுத்துருங்க. வீட்டுல வேண்டாம்.

எத எடுத்தாலும் அடிக்கது ஒரு நாள், சொரண்டுதது ஒரு வாரம். கிரீஸ மண்ணெண்ணெயும் சோப்புத்தூளும் போட்டு எடுங்க, அதுக்காக வண்டிய கன்னடியன் கால்வாய்ல இறக்காதிய, அந்த தண்ணிதான் நெல்லுக்குப் போவுது. பழைய பெயின்ட்டுல ஈயம் இருக்க வாய்ப்பிருக்கு, அதனால உப்புத்தாள வச்சு வறட்டுன்னு தேய்க்காம வாட்டர் பேப்பர்ல தண்ணி தொட்டு தேயுங்க. பெறவு துரு பிடிக்காம இருக்க அடியில ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட். நம்பர் தகட்டுலயும் கிரீஸ் நிப்பிள்லயும் கிரீஸ தடவி விட்டா பெயின்ட் பிடிக்காது, துடைச்சா வந்துரும். ரேடியேட்டர் கண்ணுல தடிப்பா அடிச்சு அடைக்கக் கூடாது, சைலன்சருக்கு சூடு தாங்குத பெயின்ட் தனி.

கடைசில நான் செஞ்சது: கீழ் பாகம் முழுக்க சாம்பல் கலர் பிரஷ்ல, பானெட்டும் மக்கார்டும் வாடகை கன்னுல. வலது மக்கார்டுல ஒரு வழிசல் இன்னும் இருக்கு, வீட்டுக்கு வார சித்தப்பா மொதல்ல அதத்தான் தடவிப் பாக்காவ. அடிச்ச உடனே வண்டிய உழவுக்கு இறக்காதிய, ரெண்டு மூணு வாரம் கிடக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத இடத்துல நகத்த வச்சு அழுத்திப் பாருங்க, தடம் விழுந்தா இன்னும் காயல.