பெர்ரியில் வீடு எடுக்கப் போகிறவர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

1,480 டாலர் போய்விட்டது. நேற்று ராத்திரிதான் வீடு திரும்பினோம், இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். சிட்னியிலிருந்து கடலோரமாகவே தெற்கே இறங்கி, பெர்ரி என்ற சின்ன ஊரில் மூன்று ராத்திரி தங்கலாம் என்று திட்டம். விடுமுறை வீடுகள் போடும் ஒரு தளத்தில் அழகான வீடு கிடைத்தது. நீல வராந்தா, பின்னால் மேய்ச்சல் நிலம். அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது என்று விளம்பரம் போட்டவருக்கு எழுதினேன். பத்தே நிமிடத்தில் கீழ்த்தளப் படுக்கையறை, குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி என்று படம் படமாக வந்தது. "அம்மாவைப் பத்திரமாகக் கூட்டி வாருங்கள்" என்று கூடவே ஒரு வரி. அந்தக் கைப்பிடிப் படத்தைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். தளத்தின் கட்டணம் மிச்சமாகும், நேரடியாகக் கணக்கில் போட்டுவிடுங்கள் என்றபோது யோசிக்கவே இல்லை. 1,480 டாலரையும் மொத்தமாக அனுப்பினேன்.

வழி என்னவோ நன்றாகத்தான் இருந்தது. கடல்மேல் 665 மீட்டருக்கு வளைந்து போகும் சீ கிளிஃப் பாலத்தை நடந்தே கடக்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை, நடந்தார். கயாமாவில் பாறைத் துளை வழியாகக் கடல் பீறிடும் என்று ஒரு மணி நேரம் நின்றோம், அன்றைக்கு அது மூச்சே விடவில்லை. அப்போதே சகுனம் பார்த்திருக்கலாம்.

பெர்ரியில் அதே நீல வராந்தா இருந்தது. காலுறையோடு ஒரு தாத்தா கதவைத் திறந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் போனைப் பார்த்தார். அவர் வீட்டை வாங்கியபோது விற்பனை விளம்பரத்தில் வந்த படங்களாம். வாடகைக்கு விட்டதே இல்லையாம். கைப்பிடிப் படம் மட்டும் அவர் வீடே இல்லை. காரை விட்டு இறங்கிய அம்மா ஒன்றும் பேசாமல் மறுபடி ஏறி உட்கார்ந்தார். லாங் வீக்கெண்ட் வேறு, குயீன் தெருவில் கேட்ட இடமெல்லாம் நிரம்பியிருந்தது. இரண்டு மணி நேரம் திரும்ப ஓட்டினேன்.

தளத்தில் பேச ஆள் கிடையாது, சாட் மட்டும்தான். "பணம் எங்கள் தளத்துக்கு வெளியே செலுத்தப்பட்டதால் வருந்துகிறோம்." மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் எழுத்து மாறாமல் அதே வரி. விளம்பரத்தையாவது எடுங்கள் என்றால் பரிசீலிக்கிறார்களாம். இதை எழுதும்போதும் அது அங்கேதான் இருக்கிறது. வங்கியில் நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு, "நீங்களே அனுப்பியதுதானே" என்றார்கள். விசாரிக்க வாரக்கணக்கில் ஆகுமாம். 1,480 டாலர்!

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. தளத்துக்கு வெளியே காசு அனுப்பாதீர்கள். நியூ சவுத் வேல்ஸில் இப்படி விடும் வீட்டுக்கு மாநிலப் பதிவு எண் கட்டாயம், அதைக் கேளுங்கள். படத்தை கூகுளில் போட்டுத் தேடுங்கள். ஏமாந்துவிட்டால் முதலில் வங்கி, அப்புறம் மோசடிப் புகார் கொடுக்கும் அரசுத் தளங்களான ஸ்கேம்வாட்ச், ரிப்போர்ட்சைபர். நான் தளத்தோடு மல்லுக்கட்டியே ஒரு ராத்திரியைத் தொலைத்தேன்.

பாலம் நன்றாக இருந்தது, இன்னொரு தடவை போகலாமா என்று அப்பா காலையிலிருந்து கேட்கிறார். முன்பணம் 200 டாலர் போச்சு என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.