அலுவலகப் பயிற்சிக்கு ஓவியமும் நாடகமும்: இரண்டு நாள் பட்டறை பற்றிய மதிப்பீடு

வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் பணிபுரியும் எங்கள் இருபது பேருக்காக, கலைவழிப் பயிற்சி அளிக்கும் குழு ஒன்று அண்மையில் இரண்டு நாள் பட்டறை நடத்தியது. முதல் நாள் முற்பகல் முழுவதும் ஒரே ஓவியத்தின் முன் அமர்ந்து, இதில் என்ன நடக்கிறது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள், இன்னும் என்ன தென்படுகிறது என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை தேடினோம். அபிகெயில் ஹவுசனும் பிலிப் யெனவைனும் உருவாக்கிய முறை இது. வேலை நேரத்தில் ஓவியம் எதற்கு என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் படத்திலிருந்த பெண் கோபமாக இருப்பதாகச் சொன்ன சக ஊழியரிடம் இரண்டாம் கேள்வி கேட்கப்பட்டபோது, கட்டிய கைகளைத் தவிர அவரால் எதையும் காட்ட முடியவில்லை. புகார்க் கடிதங்களில் இல்லாத கோபத்தை நாங்கள் படித்துக்கொள்வதும் இப்படித்தான் என்பது அப்போது உறைத்தது.

பிற்பகலின் தாள வாத்திய அமர்வு உற்சாகமாக இருந்தது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாம் நாள் ஃபோரம் தியேட்டர். முடிக்க இயலாத வேலைக்கு மேலாளர் நாள் குறித்துவிடும் காட்சியை நடிகர்கள் நடித்துக் காட்ட, நாங்கள் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லி, ஊழியரின் இடத்தில் நின்று வேறு விதமாகப் பேசிப் பார்த்தோம். மறுப்பதற்கான சொற்களை வாயால் சொல்லிப் பழகியது, எந்த விரிவுரையிலும் கிடைக்காத பயன். குறை ஒன்று உண்டு. பிரேசில் நாடகக் கலைஞர் அகஸ்தோ போவால் 1970களில் இம்முறையை ஒடுக்கப்பட்டோருக்காகவே வளர்த்தார். எங்கள் அரங்கிலோ துறைத் தலைவர் முதல் வரிசையில் அமர்ந்திருந்தார். அவர் தொலைபேசி அழைப்புக்காக வெளியே சென்ற சிறிது நேரத்தில்தான் எல்லோருக்கும் துணிவு வந்தது. நடத்துநர்கள் இதை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

முடிவில் தரப்பட்ட படிவம் பட்டறை பிடித்ததா என்று மட்டுமே கேட்டது. பயிற்சியை எதிர்வினை, கற்றல், நடத்தை, விளைவு என நான்கு நிலைகளில் அளக்கலாம் என்று டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இலேயே எழுதிவிட்டார். இக்குழு முதல் நிலையோடு நின்றுவிடுகிறது. மீண்டும் அழைப்பதானால் தாள அமர்வை விட்டுவிட்டு, மேலாளர்களுக்குத் தனி அமர்வும், மூன்று மாதம் கழித்து ஒரு தொடர் சந்திப்பும் கேட்பேன்.