ராட்டின பம்பா, அடிபம்பா?

ஆப்பிரிக்கக் கிராமங்களின் தண்ணீருக்குப் பணம் கொடுப்பதானால் எந்தப் பம்புக்குக் கொடுக்கலாம்? தென்னாப்பிரிக்காவில் பிறந்த 'பிளேபம்ப்' கண்ணுக்கு லட்சணமான சரக்கு. பிள்ளைகள் குடைராட்டினம் சுற்றச் சுற்ற, நிலத்தடி நீர் 2,500 லிட்டர் தொட்டிக்கு ஏறும். தொட்டியைச் சுற்றி விளம்பரப் பலகை. அந்த வாடகையில் பராமரிப்பு. 2006-ல் அன்றைய அமெரிக்க அதிபரின் மனைவி லாரா புஷ் மேடையேறி 1.64 கோடி டாலர் நிதி அறிவித்தார்.

இன்னொரு பக்கம் ஜிம்பாப்வேயின் 'புஷ் பம்ப்' என்ற அடிபம்பு. (அந்த அம்மாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இந்தப் புஷ் புதர்க்காடு.) 1933-ல் உருவானது. கைப்பிடி ஆடும் இடத்தில் பேரிங் கிடையாது, எண்ணெயில் ஊறிய மரக்கட்டைதான். வடிவமைப்புக்குக் காப்புரிமை இல்லை, உள்நாட்டுப் பட்டறைகளே செய்கின்றன.

விலையில் போட்டியே இல்லை. ராட்டினம் அப்போது ஏறத்தாழ 14,000 டாலர். சாதாரணக் கைப்பம்பைப் போல நான்கு மடங்கு என்றது தண்ணீருக்கான தொண்டு நிறுவனம் வாட்டர்எய்ட். தண்ணீரிலும் அப்படித்தான். ஒரு ராட்டின பம்பு 2,500 பேருக்கு என்றார்கள் அதைப் பரப்பியவர்கள். அதற்குப் பிள்ளைகள் நாளுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று 2009-ல் கார்டியன் நாளிதழ் கணக்குப் போட்டது! பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் குடத்தோடு வந்த பெண்கள்தான் குனிந்து குனிந்து சக்கரத்தைத் தள்ளினார்கள்.

ஆனால் எனக்கு முக்கியம், பழுதானால் என்ன ஆகும் என்பது. நம்மூர் அடிபம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 1970-களில் யுனிசெஃப் துணையோடு உருவாகி, சென்னை ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ் ஆலையில் தயாரான இந்தியா மார்க்-2 அது. உள்ளே தோல் வாசர் தேய்ந்தால் நாலு அடிக்கு ஒரு சொட்டு வரும். குழாயை மேலே இழுக்க முக்காலியும் நாலைந்து ஆட்களும் வேண்டும். அது பெரிய தொல்லை, மறைப்பானேன்? ஆனாலும் ஆள் பக்கத்து ஊரில் கிடைப்பார். மொசாம்பிக்கில் ராட்டினம் நின்றபோது சொந்தமாகக் கழற்றிப் பார்க்க ஊராரால் முடியவில்லை; மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். குக்கிராமத்துப் பலகைக்கு விளம்பரம் கொடுக்க யார் வருவார்கள்?

இதில் ஒரு சிக்கல் உண்டு. பிளேபம்பும் ஆப்பிரிக்க நிறுவனத்தின் தயாரிப்புதான். ஆக, 'உள்ளூர்த் தொழில்' என்ற முத்திரையை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்தால் இதற்கும் கொடுத்திருப்போம், கொடுத்தார்கள். என் ஓட்டு புஷ் பம்புக்குத்தான். அதிலும் பம்பு வாங்கித் தருவதைவிட, அதைச் செய்யும் பட்டறைக்கும், கிணற்றிலிருந்து சைக்கிள் தூரத்தில் வாசர் விற்கும் கடைக்கும் முதல் போடுவேன்.